டோரோ பள்ளத்தாக்கில் எங்கே தங்குவது: லமேகோவா, பின்யாவா, ஃபோஸ் கோஆவா?

போர்ச்சுகலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் லிஸ்பனுக்கும் போர்ட்டோவுக்கும் நாட்களைப் பங்கிட்டுவிட்டு, மிஞ்சும் இரண்டு மூன்று நாளை டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்குகிறார்கள். ஸ்பெயினின் சோரியா பக்கத்து மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 900 கிலோமீட்டர் ஓடி, போர்ட்டோவில் அட்லாண்டிக் கடலில் சேரும் ஆறு இது. போர்ச்சுகலுக்குள் அது ஓடும் தூரமே 200 கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் அடுத்தடுத்துத் தெரியும் இரண்டு ஊர்களுக்கு நடுவே மலைப்பாதை சுற்றிச் சுற்றிப் போகும். ஓர் ஊரில் அறை எடுத்துக்கொண்டு மொத்தப் பள்ளத்தாக்கையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் பாதிப் பகல் காரிலேயே போய்விடும். அதனால் எந்த ஊரில் தங்குவது என்பதை முடிவு செய்தாலே எதைப் பார்க்கப்போகிறோம் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் பின்யாவ். பழைய தேவாலயங்களும் மடங்களும்தான் உங்களை இழுக்கின்றன என்றால் லமேகோ. மூன்று நாள் கையில் இருந்து, கொஞ்சம் சிரமப்படவும் தயார் என்றால், தயங்காமல் ஃபோஸ் கோஆ. பயண நிறுவனங்கள் பெரும்பாலும் கடைசியாகச் சொல்லும் ஊர் அது. இந்தப் பள்ளத்தாக்கில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று அங்கேதான் இருக்கிறது.

முதலில் நில அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். போர்ட்டோவிலிருந்து கிழக்கே போகும்போது மராவ் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. அதன் உயரம் 1,400 மீட்டருக்குச் சற்று மேல். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழைமேகங்களை அது தடுத்துவிடுவதால், மேற்கே பச்சையும் கருங்கல்லுமாக இருக்கும் நிலம் கிழக்கே போகப் போகக் காய்ந்து, தகடு தகடாகப் பிளக்கும் ஷிஸ்ட் பாறையாக மாறுகிறது. திராட்சை விவசாயிகள் இந்த வறண்ட பகுதியை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள்: மேற்கே ரேகுவா ஊரைச் சுற்றி பைஷு கோர்கு, நடுவே பின்யாவைச் சுற்றி சிமா கோர்கு, ஸ்பெயின் எல்லைவரை டோரோ சுப்பீரியர். நாம் ஒப்பிடும் மூன்று ஊர்களும் ஏறக்குறைய இந்த மூன்று பகுதிகளின் வாசல்கள். கிழக்கே போகப் போக மழை குறையும், வெயில் ஏறும், ஆள் நடமாட்டமும் குறையும்.

லமேகோ: கல்லில் கட்டிய வரலாறு

ரேகுவா ரயில் நிலையத்திலிருந்து தெற்கே மலையேறினால் 13 கிலோமீட்டரில் லமேகோ. ஆற்றங்கரை ஊர் இல்லை. ஆனால் நினைவுச்சின்னங்களின் அடர்த்தியில் மற்ற இரண்டும் இதன் அருகில் வரமுடியாது. ஊருக்கு மேலே குன்றில் ரெமேதியுஸ் மாதா ஆலயம். அங்கே ஏற 686 படிகள். படிக்கட்டின் வேலை 1777-இல் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை இழுத்தது. நடுநடுவே இளைப்பாறத் தளங்கள், நீரூற்றுகள், நீலமும் வெள்ளையுமான ஓட்டுச் சித்திரங்கள், அரசர்களின் சிலைகள். முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போனால் கவலை வேண்டாம், மேலே வரை கார் போகும். அவர்களை உச்சியில் விட்டுவிட்டு நீங்கள் கீழிருந்து ஏறி வரலாம்.

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் 8 வரை இங்கே திருவிழா. கடைசி நாள் ஊர்வலத்தில் மாதா சொரூபம் வரும் தேரை மாடுகள் இழுத்துச் செல்கின்றன. நம் ஊர்த் தேரோட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் அந்நியமாகவே இருக்காது. அந்த வாரத்தில் அறை கிடைப்பது கடினம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஊருக்குள் கதீட்ரல் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோபுரம், பதினாறாம் நூற்றாண்டு முகப்பு, உள்ளே கூரை வளைவுகளில் பதினெட்டாம் நூற்றாண்டில் நிக்கோலாவ் நசோனி தீட்டிய ஓவியங்கள் என மூன்று காலங்கள் ஒரே கட்டடத்தில். இவர்தான் போர்ட்டோவின் அடையாளமான கிளெரிகுஸ் கோபுரத்தைக் கட்டிய இத்தாலியர். எதிரே பழைய ஆயர் மாளிகையில் லமேகோ அருங்காட்சியகம். கதீட்ரலின் பலிபீடத்துக்காக கிராவ் வாஸ்கு என்று அறியப்படும் வாஸ்கு ஃபெர்னாந்தெஸ் 1506 முதல் 1511 வரை வரைந்த பலகை ஓவியங்களில் எஞ்சிய ஐந்து இங்கே இருக்கின்றன. பிரஸ்ஸல்ஸில் நெய்த பதினாறாம் நூற்றாண்டுத் திரைச்சீலைகளும் உண்டு. சிறிய ஊரின் அருங்காட்சியகம்தானே என்று தவிர்த்துவிடாதீர்கள்.

லமேகோவை நான் சிபாரிசு செய்வதற்கு உண்மையான காரணம் ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. தெற்கே வரோஸா என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் சாவ் ஜோவாவ் டி தரோகா மடம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் போர்ச்சுகலில் எழுந்த முதல் சிஸ்டர்சியன் (கத்தோலிக்கத் துறவியர் சபை ஒன்று) மடம் இது. 1834-இல் அரசு துறவற அமைப்புகளைக் கலைத்தபோது மடம் கைவிடப்பட்டது. பிறகு ஊரார் வீடு கட்டக் கல் எடுக்கும் இடமாகிவிட்டது. தேவாலயம் மட்டும் முழுதாக நிற்கிறது. துறவிகளின் அறைகள் இருந்த இடத்தில் சுவர்களும் புல்லும். உள்ளே தினிஸ் அரசரின் மகன் பார்செலுஸ் பிரபு பெத்ரு அஃபோன்சுவின் கல்லறைப் பெட்டி. பக்கவாட்டில் காட்டுப்பன்றி வேட்டைக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. கருங்கல்லில் அத்தனை துள்ளலைக் கொண்டுவந்த அந்தச் சிற்பியின் கையை நினைத்து வியந்து நிற்கலாம்.

அதே ஆற்றில் கொஞ்சம் கீழே உகான்யா கிராமத்துப் பாலம். பாலத்தின் ஒரு முனையில் 1465-இல் கட்டிய காவல் கோபுரம். பக்கத்து சல்சேதஸ் மடத்தின் தலைவர், ஆற்றைக் கடப்பவர்களிடம் சுங்கம் வாங்கக் கட்டியது. இன்றைக்கும் கோபுரத்துக்கு அடியில் புகுந்துதான் பாலத்தில் ஏற வேண்டும். தரோகா, சல்சேதஸ், உகான்யா மூன்றையும் ஒரே பகலில் நிதானமாகப் பார்க்கலாம், கார் இருந்தால். இல்லாவிட்டால் லமேகோவில் தங்குவதன் பாதிப் பயன் போய்விடுகிறது.

இயற்கைக்காக வருகிறவர்களுக்கு லமேகோ போதாது. வரோஸாவின் சோலைகள் அழகுதான். ஆனால் டோரோவைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கீழே இறங்க வேண்டும். ரேகுவா ஊரிலேயே தங்கினால் ஆறு வாசலில் இருக்கும், டோரோ அருங்காட்சியகமும் இருக்கும். ஆனால் ஊருக்கென்று பெரிய அழகு கிடையாது. ரயிலேறிப் போகிறவர்கள் ஓர் இரவு தங்க வசதியான இடம், அவ்வளவுதான்.

பின்யாவ்: அஞ்சலட்டையில் வரும் டோரோ

படிப்படியாக மலையை வெட்டிய திராட்சைத் தோட்டங்கள், நடுவே வளையும் ஆறு, கரையில் வெள்ளை மாளிகை என்று படங்களில் நாம் பார்க்கும் டோரோ பெரும்பாலும் பின்யாவைச் சுற்றி எடுத்ததுதான். 1756-இல் போர்ச்சுகல் அரசின் முதன்மை அமைச்சரான போம்பால் மார்க்கீஸ் இந்த வட்டாரத்துக்கு எல்லை வகுத்து, கருங்கல் எல்லைக்கற்களை நட்டார். சட்டத்தால் எல்லை வகுத்த திராட்சை மது வட்டாரங்களில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று இது. அதன் மையப்பகுதியான ஏறத்தாழ 24,600 ஹெக்டேரை 2001-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. இங்கே நினைவுச்சின்னம் என்பது அந்தச் சரிவுகளேதான். சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய தாங்குசுவர்கள் மைல் கணக்கில் நீள்கின்றன. மண்ணே இல்லாத இடத்தில் ஷிஸ்ட் பாறையை உடைத்து மண்ணாக்கியவர்கள் கூலி ஆட்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அந்தச் சுவர்களை அருகில் போய்ப் பார்க்காமல் படகிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி தாக்கியபோது பல சரிவுகள் கைவிடப்பட்டன. புதர் மண்டிய பழைய படிகளை இன்றும் பார்க்கலாம். உள்ளூரில் அவற்றை மொர்த்தோரியு என்பார்கள். உழுத படிகளுக்கு நடுவே பாழடைந்த படிகள் தெரிந்தால் அந்தப் பூச்சியின் வேலை என்று புரிந்துகொள்ளலாம்.

ஊர் மிகச் சிறியது. ரயில் நிலையச் சுவரில் 1937-இல் பதித்த 24 ஓட்டுச் சித்திரப் பலகைகள் அறுவடை முதல் பீப்பாய் ஏற்றுவது வரை காட்டுகின்றன. படகுத்துறையில் ரபேலு எனப்படும் தட்டை அடிப்பகுதிப் படகுகளைப் போலச் செய்த சுற்றுலாப் படகுகள் நிற்கும். ரயில் வருவதற்கு முன் அத்தகைய படகுகளில்தான் பீப்பாய்கள் போர்ட்டோவுக்கு எதிரேயுள்ள காயா கிடங்குகளுக்குப் போயின. மேலே காசல் டி லோய்வுஸ் காட்சிமுனைக்கு மாலையில் ஏறிப் போனால் ஆற்றின் பெரிய வளைவு முழுக்கத் தெரியும். காரில் வருகிறவர்கள் ரேகுவாவிலிருந்து தென்கரையோரம் வரும் என்-222 சாலையில் வரலாம். 25 கிலோமீட்டரும் ஆறு பக்கத்திலேயே வரும்.

கூட்டமும் விலையும் இங்கே அதிகம். போர்ட்டோவிலிருந்து ஒரு நாள் சுற்றுலாவாக வரும் வேன்கள் நண்பகலில் குவியும். குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் தோட்டங்களில் நடப்பது, ஆலிவ் எண்ணெய் ருசிப்பது, படகில் ஒரு மணிநேரம் போவது என்று ஒரு பகலுக்குப் பொழுது இருக்கிறது. இரண்டாம் நாள் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிவரும். மலைமேல் ஃபவாயுஸ் கிராமத்துக்குப் போய் நான்கு முனை கொண்ட ரொட்டியைச் சூடாக வாங்கித் தின்பதை அதற்கு வைத்துக்கொள்ளலாம். சைவ உணவுக்காரர்களுக்கு அந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆலிவும் இந்த வட்டாரத்தில் பெரிய துணை. சூப் என்று கேட்டால்கூட அதில் ஒரு துண்டு தொத்திறைச்சி மிதக்க வாய்ப்புண்டு, ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பின்யாவிலிருந்து கிழக்கே காரில் போகிறவர்கள் சாவ் ஜோவாவ் ட பெஸ்கெய்ரா அருகே சாவ் சல்வதோர் டு முந்து குன்றில் கட்டாயம் நிற்க வேண்டும். கீழே வலெய்ரா மலையிடுக்கு. ஒருகாலத்தில் பெரும் பாறை ஒன்று ஆற்றை மறித்து, படகுகள் இதற்கு மேல் போகவே முடியாமல் செய்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பல ஆண்டுகள் உழைத்து அதை உடைத்தார்கள். அதற்குப் பிறகும் சுழல் உயிர் வாங்கியது. டோரோவை முதன்முதலில் துல்லியமாக வரைபடமாக்கிய வணிகர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் 1861-இல் இங்கேதான் மூழ்கி இறந்தார். அதே படகில் இருந்த தோட்ட உரிமையாளர் தோனா அந்தோனியா ஃபெரெய்ரா பிழைத்துக்கொண்டார். அவருடைய அகன்ற பாவாடை காற்றடைத்து மிதந்ததால் தப்பினார் என்று ஊரில் சொல்கிறார்கள். இன்று அணை கட்டியதில் நீர் அசைவில்லாமல் கிடக்கிறது.

ஃபோஸ் கோஆ: ஆற்றைவிடப் பழைய நினைவு

கோஆ என்பது தெற்கிலிருந்து வந்து டோரோவில் கலக்கும் துணையாறு. அதன் கடைசி 17 கிலோமீட்டர் வரை இருபுறமும் உள்ள ஷிஸ்ட் பாறைகளில் காட்டெருது, குதிரை, மலையாடு, மான் ஆகியவற்றின் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பழைமையானவை இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. பனியுக ஓவியம் என்றாலே இருண்ட குகை என்று நினைப்போம். இங்கே எல்லாம் திறந்தவெளியில், வெயிலிலும் மழையிலும் இருக்கின்றன.

இவை இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பதே ஒரு போராட்டத்தால். கோஆவின் குறுக்கே பெரிய அணை எழுந்துகொண்டிருந்தபோது, 1994 இறுதியில் செதுக்கல்களின் செய்தி வெளியே வந்தது. நீரில் மூழ்கவிருந்த பாறைகளுக்காக ஆய்வாளர்கள் குரல் கொடுத்தார்கள். ஊர்ப் பள்ளி மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். 'செதுக்கல்களுக்கு நீந்தத் தெரியாது' என்பது அன்று நாடு முழுக்க ஒலித்த முழக்கம். 1995-இல் புதிதாக வந்த அன்தோனியு குத்தேரெஸின் அரசு அணை வேலையை நிறுத்தியது. பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளராக உலகம் அறிந்தவர் அவர்தான். 1996-இல் தொல்லியல் பூங்கா திறந்தது. 1998-இல் உலக மரபிடமானது. பாதி கட்டிய ஓர் அணையைப் பாறைக் கோடுகளுக்காக ஒரு நாடு கைவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. நம் மலைகளில் கல் குவாரிகள் தின்றுகொண்டிருக்கும் பாறை ஓவியங்களையும் சமணப் படுகைகளையும் அறிந்தவர்களுக்கு இதன் அருமை நன்றாகவே விளங்கும்.

பார்ப்பது எப்படி? தனியாகப் போகமுடியாது. வழிகாட்டியோடு, சில பேர் மட்டும் ஏறும் ஜீப்பில் போக வேண்டும். முக்கியமானவை மூன்று இடங்கள். கனாடா டு இன்ஃபெர்னு, பாதியில் நின்ற அணையை ஒட்டியது; செங்குத்துச் சரிவின் பாறைகள் கிழக்கு நோக்கியவை என்பதால் காலை வெளிச்சத்தில் போக வேண்டும். 1983-இல் டோரோவில் கட்டிய பொசின்யோ அணை இந்த இடத்தின் நீர்மட்டத்தை உயர்த்திவிட்டதால் இங்குள்ள பல பாறைகள் இன்றும் தண்ணீருக்கு அடியில்தான். பெனஸ்கோசா எதிர்க்கரையில், ஆற்றோர மணல் திட்டை ஒட்டி இருக்கிறது. மேற்கு வெயில் படும் பிற்பகல் அதற்கு நேரம். கஸ்தெலு மெல்யோர் கிராமத்திலிருந்து ஜீப் கிளம்பும். மூன்றாவது ரிபெய்ரா டி பிஸ்குஸ், கொஞ்சம் நடக்க வேண்டும். மெல்லிய கீறல்களாக வரைந்த மனித உருவம் அங்கே உண்டு.

ஒன்றுதான் முடியும் என்றால் பெனஸ்கோசாவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு பாறையில் பெண் குதிரையோடு இணையும் ஆண் குதிரைக்கு மூன்று தலைகள். ஒரே கழுத்து குனிந்து நிமிரும் அசைவை மூன்று நிலைகளில் காட்டியிருக்கிறார்கள். முதலில் கண்ணுக்குக் கோடுகளின் குழப்பம்தான் தெரியும். வழிகாட்டி விரலால் காற்றில் வரைந்து காட்டும்போது சட்டென்று குதிரை எழுந்து நிற்கும். இரவு உலாவும் நடத்துகிறார்கள். பக்கவாட்டில் விளக்கைப் பிடிக்கும்போது பகலில் தெரியாத நுண்கோடுகள்கூடத் தெரியும்.

டோரோவும் கோஆவும் சேரும் முனைக்கு மேலே மலை உச்சியில் 2010-இல் திறந்த கோஆ அருங்காட்சியகம். மலையிலேயே வெட்டியெடுத்தது போன்ற நீண்ட கான்கிரீட் கட்டடம். பாறைகளைப் பார்க்குமுன் இங்கே வந்துவிட்டுப் போனால் கண் பழகியிருக்கும். கூரைமேல் நின்று பார்த்தால் இரு ஆறுகளும் கூடுமிடம் கீழே கிடக்கும். ஊருக்குள் மனுவேல் அரசர் காலத்துச் செதுக்கு வேலைப்பாடுள்ள தேவாலய முகப்பும் அதன் எதிரே தண்டனைத் தூணும் உண்டு, அரைமணி நேரம் போதும்.

இயற்கைக்கும் இந்தப் பக்கமே முதலிடம். கோஆவின் மேற்பகுதியில் ஃபாயா ப்ராவா என்ற தனியார் காப்பகம் இருக்கிறது. போர்ச்சுகலில் அந்த வகையில் முதலாவது. பாறைமுகடுகளில் கிரிஃபான் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. மார்ச் முதல் செப்டம்பர் வரை ஆப்பிரிக்காவிலிருந்து வரும் மஞ்சள்முகப் பாறுகளையும் பார்க்கலாம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைப் படையலுக்கு ஒருகாலத்தில் வந்துகொண்டிருந்த அதே இனம். அங்கே வராமல் போன பறவையை இங்கே மலையிடுக்குக்கு மேலே வட்டமிடக் கண்டால் மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பொசின்யோதான் ரயிலின் கடைசி நிலையம். 1887-இல் ஸ்பெயின் எல்லைவரை போட்ட பாதையில் அதற்கு அப்பால் உள்ள பகுதியை 1988-இல் மூடிவிட்டார்கள். அங்கிருந்து ஊருக்கு டாக்சி வேண்டும், ஊரிலிருந்து அருங்காட்சியகத்துக்கும் அப்படியே. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நிழலே கிடையாது. சிறு குழந்தைகளுக்கு ஜீப் குலுக்கலும் பாறைக் கோடுகளும் சலிப்புத் தட்டலாம். பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் வரை வாதுமை மரங்கள் பூக்கும் காலம்தான் இந்த ஊருக்கு மிக நல்லது.

இன்னும் வடகிழக்கே, ஆறே இரு நாட்டு எல்லையாக ஓடும் மிராண்டா டு டோரோ வரை போகலாமா என்று சிலர் கேட்பார்கள். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே படகில் போகலாம். பதினாறாம் நூற்றாண்டுக் கதீட்ரலில் உயரத் தொப்பி அணிந்த குழந்தை இயேசுவைப் பார்க்கலாம். 1999-இல் அரசு அங்கீகாரம் பெற்ற மிராண்டியர்களின் மொழியைக் காதால் கேட்கலாம். ஆனால் ரயில் கிடையாது, தூரமும் அதிகம். மூன்று நாளில் இதையும் திணிக்காதீர்கள்.

ரயிலா, காரா, படகா?

போர்ட்டோவிலிருந்து ரேகுவா வரை படகில் போய் ரயிலில் திரும்பும் பகல் சுற்றுலாவைப் பலர் விற்கிறார்கள். கறப்பதெலு அணையில், நீரை நிரப்பிப் படகை மேலே தூக்கும் 35 மீட்டர் உயர நீர்ப்பூட்டுக்குள் படகு ஏறுவது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் மரபிடமான படித்தோட்டங்களின் சிறந்த பகுதி ரேகுவாவுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. அதே பகலில் ரயிலேறி பின்யாவ் வரை போனால் அதிகம் பார்க்கலாம், செலவும் குறைவு.

ரயிலில் கிழக்கே போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். பாதை வடகரையை ஒட்டி ஓடும். வலெய்ராவைத் தாண்டி ஃபெர்ரதோசா பாலத்தில் ரயில் தென்கரைக்கு மாறிவிடும், அதன் பிறகு இடப்பக்கம். பின்யாவுக்குப் பிறகு பெட்டி பெரும்பாலும் காலியாகிவிடும் என்பதால் இடம் மாறுவது சிரமமில்லை. போர்ட்டோவிலிருந்து பொசின்யோ வரை ஏறத்தாழ மூன்றரை மணிநேரம்.

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்று நாளில் என்ன செய்யலாம்? முதல் நாள் லமேகோவைத் தொட்டு, தரோகாவைப் பார்த்து, மாலையில் என்-222 வழியாக பின்யாவ் வந்து ஓர் இரவு. மறுநாள் வலெய்ரா காட்சிமுனையில் நின்று, பிற்பகலில் ஃபோஸ் கோஆ. அங்கே இரண்டாம் இரவு. மூன்றாம் நாள் முழுக்க கோஆவுக்கே. கார் இல்லாதவர்கள் லமேகோவை விட்டுவிட்டு, காலை ரயிலில் பின்யாவில் இறங்கி, அடுத்த ரயிலில் பொசின்யோ போய், ஃபோஸ் கோஆவில் இரண்டு இரவும் தங்கலாம்.

எப்படிப் போனாலும் ஜீப் இடங்களை முதலில் பதிவு செய்யுங்கள். வண்டிக்குச் சில பேர் மட்டுமே என்பதால் வாரக்கடைசியிலும் பூக்காலத்திலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்தத் தேதி உறுதியானதும் அறையையும் ரயிலையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.